அவருக்கு இருபது ஜிபி

எங்கள் ஊரில் பாதி ஆண்கள் போர்வெல் வண்டியோடு வடக்கே போகிறவர்கள். மழைக்காலத்தில் வண்டிகள் ஊர் திரும்பும். ஆயுத பூஜை முடிந்ததும் மறுபடி கிளம்பிவிடும். கல்யாணமான நாளிலிருந்து என் கணவரும் இப்படித்தான், வருவதும் போவதும். போன மழைக்கு முதுகுவலியோடு வந்தார். திரும்பப் போவாரா என்று வாயைத் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, "போறேன்" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயம்தான்.

அந்த நாட்களில் என் பழைய கணினியும் படுத்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பது என் தொழில். விண்டோஸ் திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். தூக்கிப்போட மனமில்லை. கோப்புகளை வெளியே நகலெடுத்து வைத்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக, பழைய கணினியிலும் வேகமாக ஓடும் லினக்ஸ் நிறுவ உட்கார்ந்தேன். கொஞ்ச தூரம் சுலபமாகப் போனது. பிறகு டிஸ்கை எப்படிப் பிரிப்பது என்று கேட்டது. அதன் இஷ்டத்துக்கே விட்டிருக்கலாம். ஆனால் சமையலறை டப்பாக்களைக்கூட அடுத்தவர் அடுக்க விடாதவள் நான்.

மொத்தம் ஐநூறு ஜிபி. சிஸ்டத்துக்கு ஐம்பது. ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப்புக்கு எட்டு. மிச்சம் எங்கள் கோப்புகளுக்கு. பின்னால் கட்டிலில் சாய்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, உங்க போட்டோ, வீடியோவுக்குத் தனியா எடம் ஒதுக்கறேன். எவ்வளவு வேணும்?"

"எனக்கென்ன, கொஞ்சமா உட்டாப் போதும்."

எங்கள் பக்கம் பந்தியில் யார் "போதும்" என்றாலும் இன்னொரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர்வோம். வைக்காவிட்டால் மனத்தாங்கல் ஆகிவிடும். அது தெரிந்தும் அன்று எனக்கு எரிச்சல். மழைக்கு வந்து போகிறவருக்கு எதற்கு அதிகம் என்று இருபது ஜிபி போட்டேன். மீதி முழுக்க எனக்கு.

அவர் மெல்ல எழுந்து வந்து திரையைப் பார்த்தார். டிஸ்கைக் காட்டும் நீளமான பட்டையின் ஓரத்தில் அவர் பங்கு ஒரு கீற்றாகக் கிடந்தது.

"இதுதான் எனக்கா?"

"நீங்கதானுங்க கொஞ்சம் போதும்னீங்க."

"பின்னால பெருசு பண்ணிக்கலாமா?"

"பண்ணலாமுங்க. ஆனா பக்கத்துல இருக்கறதைச் சுருக்கி, நகத்தி, உள்ள இருக்கறது போயிருமோன்னு பயந்துக்கிட்டே செய்யோணும்."

என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி திரைப் பக்கம் குனிந்தார். எனக்கு அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

"அப்ப இப்பவே சரி பாதியாப் பிரிச்சிரு புள்ள. மொதலாளிகிட்டக் காலையிலயே சொல்லிட்டேன். இனி நான் வண்டிக்குப் போகல."

என் கை மவுஸ் மேலேயே இருந்தது. அழுகை வந்தது, மறைக்கவில்லை. இத்தனை வருஷம் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன் என்பது அவருக்கும் தெரியும்.

ஆனால் அவர் சொன்னபடி செய்யவில்லை. எங்கள் இரண்டு பங்கையும் அழித்துவிட்டு, அந்த இடம் முழுவதையும் ஒரே பாகமாக்கினேன்.

"பாதிதான கேட்டேன்?" என்றார்.

"ஒண்ணாவே இருக்கட்டுமுங்க" என்று சொல்லி, நிறுவும் பொத்தானை அழுத்தினேன்.