கடுகு தாளித்த சூப்

எங்கள் வீட்டு ஸ்லோ குக்கருக்குக் கண்ணாடி மூடி. ஸ்விட்சைப் போட்ட சற்று நேரத்தில் உட்புறம் முழுக்க நீர்த்துளி கட்டிக்கொள்ளும்; உள்ளே என்ன வேகிறதென்று ஒன்றும் தெரியாது. பன்னிரண்டு வயதில், பள்ளி விட்டு வந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்த மூடியைத்தான். வேகும்போது அதைத் திறக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். "ஒரு தடவ தொறந்தா அரை மணி நேரச் சூடு போச்சு" என்பார். பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாத அந்த மதியங்களில் நான் தினமும் திறந்துதான் பார்த்தேன்.

அம்மா இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பாவுக்குச் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை. ஸ்கூடாயில் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் விடியுமுன் பஸ் ஏறினால், எல்லைப் பாலத்து நெரிசலைத் தாண்டி அவர் வீடு திரும்ப இருட்டிவிடும். சின்ன வயதில் பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்தில், அவர் குடும்பம் இருந்த லயத்து வீட்டு வரிசை அடுப்புத் தீயில் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். அதனால் கேஸ் அடுப்பை நான் தொடவே கூடாது. "நீ அடுப்புக்கிட்ட போகாத வரைக்கும்தான் நான் அங்க நிம்மதியா வேல செய்ய முடியும்" என்று சொல்லியே வைத்திருந்தார். நெருப்பில்லாமல் பிள்ளைக்குச் சூடாகச் சாப்பாடு வேண்டுமே என்று அவர் கண்டுபிடித்த வழிதான் அந்த ஸ்லோ குக்கர்.

சூப் வைப்பதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதல் நாளே நறுக்கிய கேரட்டும் உருளைக்கிழங்கும் அடியில், நடுவே சோளத் துண்டுகள், மேலே முட்டைக்கோஸ், தக்காளி, தட்டிய இஞ்சி. காய் மூழ்கத் தண்ணீர் விட்டு, சூட்டைக் குறைத்து வைத்துவிட்டுப் போவார். சோளம் போட்டால் இனிக்கும் என்பது கூட வேலை செய்த சீன நண்பர் சொல்லிக்கொடுத்தது. உப்பும் மிளகும் நான் வந்து போட்டுக்கொள்ள வேண்டும். உண்மையைச் சொன்னால், காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற சூப் அது. வாரம் நான்கு நாள் அதையே குடித்து எனக்கு நாக்கு செத்துப்போயிருந்தது.

ஒரு புதன்கிழமை பொறுக்க முடியாமல் அடுப்பைப் பற்றவைத்து, கடுகும் கருவேப்பிலையும் தாளித்துச் சூப்பில் கொட்டினேன். அடடா, என்ன வாசம்! மிச்சத்தை அப்பா குடிக்கும்போதுதான் கடுகு அவர் பல்லில் அகப்பட்டது. யார் தாளித்தது என்று கேட்டார். பக்கத்து வீட்டு ஆண்டி வந்து தாளித்துக் கொடுத்தார் என்றேன். அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. என்னைக் கவனிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நிம்மதியில் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒருவர் கைப்பட ஒன்றைச் செய்து கொடுத்தால் வெறுங்கையோடு நன்றி சொல்லத் தெரியாது அவருக்கு. மறுநாள் வேலை முடிந்து வந்த கையோடு ஒரு பப்பாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்.

ஆண்டியின் கணவர்தான் கதவைத் திறந்தாராம். மகளின் பிரசவத்துக்காக மனைவி பொந்தியானுக்குப் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது என்றாராம். பப்பாளியைக் கொடுத்துவிட்டு வந்த அப்பா என்னைத் திட்டவில்லை. உட்கார்ந்து மறுநாளைக்குக் கேரட் நறுக்கினார். நாலு அடி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த மாதக் கடைசியில் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு, பக்கத்து டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் ஸ்டோர் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் பாதிக்கும் கீழே. ஒரு கரண்டி கடுகால் அப்பாவின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று அன்றிலிருந்து நெஞ்சுக்குள்ளேயே வைத்திருந்தேன். கேட்கத் தைரியம் வரவில்லை.

இப்போது அவர் என்னோடு இருக்கிறார். போன வாரம் இரண்டு பல் பிடுங்கிவிட்டு வந்தவருக்கு அதே சூப்பை வைத்தேன். எதிரே உட்கார்ந்து, இத்தனை வருடம் கழித்து, அன்றைக்கு அடுப்பைப் பற்றவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அடுப்புக்கா? அதுக்கு ரெண்டு அடி போட்டுட்டு வேலைக்குப் போயிருப்பேன்லா" என்றார், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. கிண்ணத்தில் இருந்ததைக் குடித்து முடித்துவிட்டு, "எங்கிட்ட பொய் சொல்ற அளவுக்கு நான் உனக்கு வெளியாளா ஆயிட்டேன்னு தோணிச்சு. அதான் அந்த வேலைய விட்டுட்டு வந்துட்டேன்" என்றார்.

காலிக் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். நான் அழுதுகொண்டே ஊற்றினேன்.