தொப்பிக்குள் திருநீறு

முருகன் அருளால் இன்று நான் பிள்ளைகுட்டிகளோடு நன்றாக இருக்கிறேன் என்றால், அதில் பாதி என் அக்காளின் கண்களுக்குச் சேரவேண்டியது.

எண்பதுகளில், மலேசியாவில், அக்காள் எங்கள் ரப்பர் தோட்டக் குடியிருப்பிலிருந்து பஸ் ஏறிக் கமுந்திங் டவுனில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். கம்ப்யூட்டருக்கு மூளையான சிப்பை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் வேலை. அதற்குப் பெயரெல்லாம் நம்பர்தான். அவள் சேர்ந்தபோது எண்பது எண்பத்தாறு; நாற்பது கால், பூரான் மாதிரி இருக்குமாம். பிறகு இருநூற்று எண்பத்தாறு. நாலு பக்கமும் கால்.

"இப்ப முன்னூத்தி எண்பத்தாறு வருது. நூத்துக்கு மேல காலு. நம்ம கண்ணு தாங்குமான்னு டெஸ்ட் வைக்கிறாங்க லா," என்றாள் ஒருநாள். தேறாதவர்களுக்கு வேலை இல்லை. அப்பா போனபிறகு அவள் சம்பளத்தில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

எங்கள் வீட்டில் பரீட்சைக்கு யாரும் வெறும் நெற்றியோடு போனதில்லை. தொழிற்சாலையிலோ பவுடர், பொட்டு, திருநீறு எதுவும் கூடாது. தூசு விழுந்தால் சிப் கெட்டுவிடும்.

"இன்னிக்கு ஒரு நாளாச்சும் பூசிக்கடி," என்று டெஸ்ட் அன்று காலையில் அம்மா கெஞ்சினார்.

"வேணாம்மா. வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

மூன்றாம் வகுப்பிலிருந்த எனக்கு மனசு கேட்கவில்லை. துவைத்து மடித்திருந்த அவளுடைய வெள்ளை வேலைத் தொப்பிக்குள், சாமியை வேண்டிக்கொண்டு ஒரு பிடி திருநீற்றைப் போட்டுப் பையில் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் அக்காள் சிரித்துக்கொண்டே வந்தாள். தேறிவிட்டாள்.

"பாத்தியா, சாமி கைவிடல," என்றார் அம்மா.

"ஆமாம்மா. என் தலையிலயே உக்காந்திருந்தாரு," என்று அக்காள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் செய்ததுதான் பலித்தது என்று எனக்கு ஒரே பெருமை.

நடந்ததை அவள் சொன்னது எனக்குக் கல்யாணமான பிறகு. தொப்பியை மாட்டியதும் தோளெல்லாம் வெள்ளையாம். வரிசையிலிருந்து வெளியே நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசரான சீனத்து அம்மாள், நல்லா இருக்கணும் அவர், பத்து நிமிடம் கொடுத்து, வேறு தொப்பியும் அங்கியும் கொடுத்தாராம். குழாயில் தலையை அலசிவிட்டுக் கடைசி ஆளாக உள்ளே போயிருக்கிறாள்.

"அன்னைக்கே ஏன்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா அம்மா உன் முதுகப் பிச்சிருப்பாங்க லா."

அந்த டெஸ்ட் நாள் சாயங்காலம் அவள் கொண்டையை அவிழ்த்தபோது உள்முடி இன்னும் ஈரமாக இருந்தது. வெயிலில் வேர்த்திருக்கும் என்று நினைத்து, துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன்.