அடுப்புக்கு மேலிருந்த குரல்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் ஈரம் ஏறாத இடம் ஒன்றே ஒன்றுதான், அடுப்புக்கு மேலிருந்த பரண். மழை மாதங்களில் பாய்கூடப் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் பிறப்புச் சான்றிதழ், கருவாடு, அம்மாவின் நல்ல சேலை எல்லாம் பரணுக்குத்தான் போகும். அப்பாவின் ராஜா கதைப் பாட்டுப் புத்தகமும் அங்கேதான் இருந்தது. புகையில் பழுப்பேறிப் போனாலும் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை. மாலையில் அப்பா அதை ராகம் போட்டு வாசிப்பார். லயமே எங்கள் வாசல் இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்துவிடும்.

கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணன், ஒரு தீபாவளிக்கு ரேடியோ கசெட் பெட்டியோடு வந்தான். அப்பாவை வாசிக்கச் சொல்லி முழுக் கதையையும் பதிந்தான். ஏதோ அவனே கதையை எழுதிவிட்ட மாதிரி அப்படியொரு பெருமை. அந்த வருஷம்தான் சித்தப்பா குடும்பம் இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக வேண்டிவந்தது. போகிற இடத்தில் வாசிக்கப் புத்தகத்தைத் தர முடியுமா என்று சித்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார். அப்பா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

“குடுத்துருங்கப்பா. அதான் கசெட்டுல இருக்கே. இனி அதுக்கு அழிவே இல்ல.”

புத்தகம் ஹட்டனில் ரயிலேறியது. போனவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, பிறகு தகவலே இல்லை.

நோட்டன் பிரிட்ஜ் அணையில் எங்கள் மழைத் தண்ணீரில் எடுத்த கரண்டு, எங்கள் தலைக்கு மேலே கம்பியில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது. லயத்துக்கு ஒரு பல்புகூடக் கிடையாது. கசெட் கேட்கவும் பேட்டரிதான். பேட்டரி இறங்கினால் அப்பாவின் குரல் குடிகாரன் குரல் மாதிரி இழுக்கும். சாராயத்தைத் தொடாத மனுஷர். அந்தப் பெட்டியைத் தூக்கிக் சாக்கடைக் கானில் வீசலாம் போல எனக்கு ஆத்திரம் வரும்.

அப்பா செத்துப்போனார். அடுத்த மழையில் கசெட்டுகளில் பூஞ்சணம் படர்ந்தது. அம்மா துணியால் துடைத்து, பரணில் புத்தகம் இருந்த அதே இடத்தில் பத்திரமாக வைத்தாள்.

திவசத்துக்கு வந்த அண்ணன் புதுப் பேட்டரி போட்டான். சூட்டில் கசெட்டுகள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. ஒன்றுகூடப் பெட்டிக்குள் போகவில்லை. நெருப்புக்கு மேலே யாராவது வைப்பார்களா என்று அம்மாமேல் எரிந்து விழுந்தான். லயத்தில் பிறந்தவன் கேட்கிற கேள்வியா அது?

“பொஸ்தகம் அங்கதானப்பா இருந்துச்சு. அதுக்கு ஒன்னும் ஆகலியே” என்றாள் அம்மா.

அவன் போட்ட பேட்டரியை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அன்று மாலை அம்மா என்னைக் கூப்பிட்டு, அப்பா வாசித்ததில் நினைவிருக்கிறதைச் சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடம் போனவள் நான், எழுத்தைக் கண்டால் வாசித்துவிடுவேன். எழுத்துதான் கடல் தாண்டிப் போய்விட்டதே. மனதில் நின்ற நாலு வரியை அப்பாவின் ராகத்தில் சொன்னேன்.

அம்மா அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள்.