ஓணான் தோலில் ஒட்டிய கிரீம்

ஓணான் தோலின் நிறமிகளை மைக்ராஸ்கோப்பில் ஆராய்வதுதான் புனேயில் என் வேலை. அன்று ஒரு ஸ்லைடில், இதுவரை பார்த்திராத பழுப்புத் துகள்கள் தெரிந்தன.

"புது நிறமி!" என்று லேபே அதிரக் கத்தினேன்.

கூட வேலை செய்யும் பிராச்சி என் விரலைப் பார்த்துச் சிரித்தாள். "அரே, யே தோ தேரா மேக்கப் ஹை!" இது உன் மேக்கப்தான் என்று இந்தியில் கிண்டல்.

மாலையில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று, என் விரல்களின் வெண்திட்டுகளை மறைக்க அம்மா பூசிவிட்ட கிரீம். கையுறை போடாமல் ஸ்லைடைத் தொட்டது என் தப்பு. அந்தக் கிரீமைப் பூச விட்டது அதைவிடப் பெரிய தப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

மாலை, பாணேர் பகுதியில் எங்கள் வீட்டில், வந்தவர்கள் முன் காபித் தட்டை ஏந்திய என் கையைப் பார்த்து அம்மா பதறினாள். "ஏன்டி கழுவினே?"

"இதுதாம்மா என் கை. பிடிச்சா காபி எடுத்துக்கட்டும்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

வந்தவர்கள் அப்புறம் ஃபோன் செய்யவில்லை. நானும் காத்திருக்கவில்லை. அந்த ஸ்லைடை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.