வேட்டு எண்ணுகிறவருக்கு ஒரு ரேடியோ

கிணறு வெட்டுகிற இடத்தில் ரேடியோ எதற்கு என்று கேட்கிறவர்கள், திருச்சுழிக் காட்டு வெயிலில் ஒரு பகல் கல் சுமந்து பார்க்க வேண்டும். எண்பத்தேழில் மழை பொய்த்துப்போய், கிணற்றை ஆழப்படுத்தச் சொல்லி வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் தேடித் தேடி வந்தார்கள். வேலைக்குப் பஞ்சமில்லை. ஆட்களுக்கு அலுப்புத் தெரியாமலிருக்க ஒரு பாட்டுப்பெட்டி வாங்குவோம் என்று மேஸ்திரி தங்கசாமியைச் சம்மதிக்க வைத்தவன் பொன்னுச்சாமிதான். அவருடைய தங்கை புருஷன்.

வேலையில் அவர் வாய், இவன் கை. பாறையில் குழி போட்டு, மருந்து திணித்து, திரியைப் பற்றவைத்துவிட்டு மேலே ஓடி வருகிறவன் பொன்னுச்சாமி. வேட்டெல்லாம் வெடித்து ஓய்ந்தபின் முதல் ஆளாக இறங்குகிறவனும் அவனே. நடுவில் உள்ள வேலை தங்கசாமியுடையது. மற்றவர்கள் வரப்புக்குப் பின்னால் குத்தவைத்துக் காதைப் பொத்திக்கொள்ளலாம். மேஸ்திரி மட்டும் பொத்தக்கூடாது. போட்ட குழி அத்தனையும் வெடித்ததா என்று எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு யாரும் இறங்கக்கூடாது. வெடிக்காமல் கிடக்கிற மருந்தின்மேல் கடப்பாரை பட்டால் பொறுக்கி எடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது. ரெண்டு பேர் எண்ணினால் வீண் சண்டை என்று ஒருத்தரிடமே அதை விட்டிருந்தார்கள். இருபது வருஷமாக ஒருத்தரேதான் எண்ணினார்.

அருப்புக்கோட்டையில் ஐயாத்துரை கடைக்கு இருவரும் போனார்கள். மாடு வாங்கப் போனவர் மாதிரி தங்கசாமி ஒவ்வொரு ரேடியோவையும் தட்டினார், தூக்கினார், முதுகைத் திருப்பிப் பார்த்தார். மெல்லிய பிளாஸ்டிக்கெல்லாம் ஒரு கல் தெறித்தால் போச்சு என்று ஒதுக்கினார். கடைசியில் ஐயாத்துரை, தோல் உறை போட்ட கனத்த பெட்டி ஒன்றை எடுத்து, பாடிக்கொண்டிருக்கும்போதே முழங்கால் உயரத்திலிருந்து தரையில் போட்டார். அது பாட்டை நிறுத்தவில்லை. பொன்னுச்சாமிக்கு மனசெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொண்டது.

தங்கசாமி உதட்டைப் பிதுக்கினார். சத்தம் பத்தாதாம். ஐயாத்துரை கொஞ்சம் திருகினார். இன்னும் வை என்றார். எதிர்க்கடை நூல் வியாபாரி எட்டிப் பார்த்து முறைத்தார். தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு அலறிய பிறகுதான் அவர் முகம் மலர்ந்தது.

“இப்பத்தான்யா பாடுது” என்றார்.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. பொன்னுச்சாமிக்கு வரவில்லை. பஸ்ஸுக்கு நடக்கும்போது பின்னாலிருந்து, டீ குடிப்பமா மச்சான் என்று கேட்டான். டீ என்றால் பஸ்ஸையே விட்டுவிடுகிற மனுஷன் பேசாமல் நடந்துகொண்டிருந்தார். மறுபடி கேட்டான். அதற்கும் பதிலில்லை. பெண் கொடுத்து, பிழைக்க வழியும் காட்டியவரைப் பார்த்து, உங்களுக்குக் காது கேட்கிறதா என்று எந்த வாயால் கேட்பது? வீட்டில் சொன்னால் அவள் அண்ணனுக்காக அழுவாளா, புருஷனுக்காக அழுவாளா?

மறுநாள் காலையிலிருந்து வேப்பமரக் கிளையில் ரேடியோ அலறியது. ஆட்களுக்கு ஒரே கொண்டாட்டம். மத்தியானம் ஐந்து குழியிலும் மருந்து திணித்தாயிற்று. எண்ணுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று ரேடியோவை நிறுத்தச் சொன்னவர் தங்கசாமிதான். அதுதான் கொடுமை.

பொன்னுச்சாமி திரியைப் பற்றவைத்துவிட்டு ஏறி வந்தான். வரப்புக்குப் பின்னால் குனிந்தான். அன்றைக்கு அவன் காதைப் பொத்தவில்லை. நாலு வேட்டு எண்ணினான். ஐந்தாவதுக்காக மூச்சை அடக்கிக் காத்திருந்தான். வரவில்லை.

தங்கசாமி எழுந்து வேட்டியை உதறினார்.

“அஞ்சும் ஆச்சு. எறங்குங்க மாப்ள.”

அவன் கயிற்றைத் தொடவில்லை. “நாலுதான் வெடிச்சிருக்கு மச்சான்” என்றான். அவர் புரியாமல் அவன் வாயைப் பார்த்தார். காதருகே போய் மெல்லக் கேட்டுப் பார்த்தான். பிரயோசனமில்லை. யாருக்கும் தெரியாமல் கேட்க நினைத்ததை அத்தனை பேர் முன்னாலும் கத்த வேண்டியதாயிற்று.

“எம்புட்டு நாளாக் காது கேக்கல?”

ஆட்கள் எல்லோரும் திரும்பினார்கள். தங்கசாமி மண் குவியல்மேல் மெதுவாக உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பொன்னுச்சாமி எதிர்பார்த்தான். அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

“ரெண்டு வருசமா எல்லாம் கொழம்பித்தான் கேக்குது. சொன்னா வேலை போயிரும்னு பயம்.”

“அப்ப இத்தன நாளும் என்னத்த எண்ணுனீக?” என்று மறுபடியும் கத்தினான்.

“எண்ணல மாப்ள. போட்ட குழிக் கணக்கத்தான் திருப்பிச் சொன்னேன்.”

பொன்னுச்சாமி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் இன்னும் புகை நின்றது. ரெண்டு வருஷமாக முதல் ஆளாக இறங்கியவன் கயிற்றை மேலே இழுத்துச் சுருட்டி வைத்தான்.