விற்கக் கூடாத மீன்

“எப்போ செத்துது சார் இது?” என்று மீன்கார அக்கா என் கணினித் திரையைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஒன்பது நாள் உழைத்து நான் உருவாக்கிய சங்கரா மீன் ஒன்று, எவர்சில்வர் தட்டில் திரை முழுக்கப் படுத்திருந்தது. “அது உயிரோடவே இருந்ததில்லையே அக்கா, நான் கம்ப்யூட்டர்ல செஞ்சது” என்றேன் பெருமையாக. “அதான் தெரியுதே. செத்து எத்தினி நாள் ஆவுதுன்னு கேக்கறேன்.”

அப்போது எனக்கு வேலை இல்லை. சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்துதரும் சின்ன நிறுவனம் ஒன்றில் ஆறு வருடம் இருந்தேன். கணினியில் வடித்த உருவத்தின் மேல் வெளிச்சம் எங்கே வழுக்கும், எங்கே உள்ளே இறங்கும் என்று கணக்குப் போட்டு, அதை அசல் போலப் படமாக்கித் தருவதற்கு ரெண்டரிங் என்று பெயர். அதுதான் என் தொழில். ஒரு திங்கட்கிழமை போனபோது அலுவலகக் கதவில் பூட்டு தொங்கியது. மேடவாக்கத்திலிருந்து மாடம்பாக்கத்துக்குத் திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது: நான் செய்ததெல்லாம் அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. புது இடத்தில் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. புதிதாகச் செய்யலாமென்றால், அதற்கான மென்பொருளைப் பெரிய கம்பெனிகள்தான் வாங்க முடியும் என்று நினைத்திருந்தேன். கூட வேலை பார்த்த நண்பன் போனில் சொன்னான்: “மச்சான், அதே சாஃப்ட்வேரை இப்ப ஃப்ரீயா தராங்கடா. படத்துக்கு யூஸ் பண்றதேதான். அதை வெச்சு சம்பாதிக்கக் கூடாது, அவ்ளோதான்.” விதிகளை வரி விடாமல் படித்தேன். கற்றுக்கொள்ளலாம், வேலை தேடும்போது காட்டலாம். விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் கூடாது. சம்பாதிக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கு அன்றைய தேதியில் என்னைவிடப் பொருத்தமான ஆள் தாம்பரம் வட்டாரத்திலேயே இருந்திருக்க மாட்டான்.

மீனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஈரம், செதில், கண்ணின் பளபளப்பு, தட்டில் விழும் நிழல் என்று வெளிச்சம் படுத்தும் பாடெல்லாம் ஒரே பொருளில் இருக்கிறது. ஆனால் நான் இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்துச் செய்திருந்தேன். அக்கா கோவளம் பக்கத்திலிருந்து விடிகாலையில் கூடையோடு கிளம்பி, வாரம் இருமுறை எங்கள் தெருவுக்கு வருபவர். என்னைவிட நாலைந்து வயதுதான் கூடுதல் இருக்கும். அன்று தண்ணீர் குடிக்க உள்ளே வந்தவர், சொம்பைக் கையில் வைத்தபடியே தீர்ப்புச் சொன்னார். “கண்ணு குழிஞ்சி கீது பாரு. இத எவன் வாங்குவான்?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணைத் திருத்தினேன். என் பழைய கணினி ஒரு படத்தை முடிக்க ஒரு முழு நாள் எடுக்கும். அது விட்ட அனலில், பக்கத்தில் வைத்த தோசை மாவு மத்தியானத்துக்குள் பொங்கி வழிந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் என் மனைவி, சாயங்காலம் வந்து முதலில் மாவைத்தான் பார்ப்பாள். அடுத்த முறை அக்கா வந்து எட்டிப் பார்த்தார். “இன்னா சார், பயந்து செத்துச்சா? முழிய வெளிய தள்ளிக்கினு கீது.” அதற்கடுத்த முறை, “செவுளுக்கு லிப்ஸ்டிக் பூசிட்டியா?” ஒப்பிட்டுப் பார்க்க நிஜ சங்கராவையே வாங்கி மேசையில் வைத்தேன். கவுச்சி வாடை மாடிவரை போய், மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார்.

ஆறாவது வாரம் அக்கா வந்தார். திரையைப் பார்த்தார். அவருடைய ஆள்காட்டி விரல் தன்னால் போய், புதுசா பழசா என்று பார்க்க, திரையில் இருந்த மீனின் செவுளைத் தூக்கப் போனது. கண்ணாடியில் விரல் இடித்ததும் கையை உதறிக்கொண்டு, “அட பேஜாரே!” என்று சிரித்தார். ஆறு வருடத்தில் எந்த இயக்குநரும் எனக்குத் தராத பாராட்டு அது.

அந்தச் சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. “சார், தெருமுனையில கட போடறேன். இனிமே தலையில தூக்க முடியாது, கழுத்து வலி. இத பெர்சா அட்ச்சி குடு, கடையில மாட்டறேன்” என்றார். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை விளக்கினேன்.

“ஃப்ரீயாதான குட்த்தான்?”

“ஃப்ரீதான் அக்கா. ஆனா அதை வெச்சு விக்கக் கூடாது.”

“நீ இத காட்டி வேல தேடலாம். நான் காட்டி மீன் வித்தா தப்பா?”

விதியில் அதற்குப் பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் திரையை அணைத்தேன். அக்கா கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று வாரம் எங்கள் வீட்டு வாசலை மட்டும் தாண்டிப் போனார். “ஒரு மீனைச் செஞ்சீங்க, வீட்ல மீன் குழம்பே நின்னுபோச்சு” என்றாள் மனைவி.

அந்த மூன்று வாரத்துக்குள் அதே மீன் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. நேர்காணலில், “இந்த அளவுக்கு யார் கரெக்‌ஷன் சொன்னாங்க?” என்று கேட்டார்கள். வீட்டுக்கு வரும் மீன்கார அக்கா என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை கேமராவை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பெரிய குடையின் கீழ் அக்கா கடை போட்டிருந்தார். “உங்க மீனையே படம் எடுத்துப் பெருசா அடிச்சுத் தரேன் அக்கா. இதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க முடியாது” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்க்காமலே செதில் தேய்த்தார். பிறகு இருப்பதிலேயே நல்ல சங்கராவைப் பொறுக்கித் தட்டில் வைத்து, தலையை வெளிச்சம் பக்கம் திருப்பிவிட்டார்.

பேனர் அச்சாகி வந்ததும் விரித்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார். “அதுல இருந்த உயிரு இதுல இல்ல சார்.” இருந்தாலும் மாட்டிவிட்டார்.

இப்போது சனிக்கிழமைகளில் நான்தான் போய் வாங்கி வருகிறேன். போன வாரம் ஹெல்மெட்டைக் கழற்றாத ஒருவர் பேனரை அண்ணாந்து பார்த்து, “என்னக்கா, கம்ப்யூட்டர்ல செஞ்ச மீனைக் காட்டி ஏமாத்தறீங்களா?” என்றார். அக்கா கையிலிருந்த மீனின் செவுளைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“கம்ப்யூட்டர் மீனு இத்தவிட சோக்கா இருக்கும்யா. அத விக்கக் கூடாதாம்.”