செல்விக்குக் கிடைத்த பிரசவ விடுப்பு

போன வைகாசியில், ஸ்ரீரங்கம் கடைத்தெருவில் பூக்கட்டி விற்கும் செல்விக்கு ஏழாம் மாதம். ரத்தக் கொதிப்பு ஏறிவிட்டது. படுக்கையிலேயே இருக்காவிட்டால் தாயும் பிள்ளையும் தப்புவது கஷ்டம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மறுநாள் நான் பூ வாங்கப் போய்ப் பார்த்தால், வீங்கிய காலோடு நடைபாதையில் சரம் தொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஏண்டி, உனக்கு உசுரு மேல ஆசையில்லையா?"

"எந்திரிச்சா இடம் போயிடும்மா. செல்போன் கவர் விக்கிறவரு இப்பவே வண்டியோட நிக்கிறாரு பாருங்க."

நான் தொழிலாளர் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மகப்பேறு சட்டத்தைப் பிரிவு வாரியாக ஒப்பிப்பேன். என் இரண்டு பிரசவத்துக்கும் சம்பளத்தோடு விடுப்பு. திரும்பியபோது நாற்காலி காத்திருந்தது. செல்விக்கு நலவாரியப் பதிவு உண்டு, உதவித்தொகைக்கு வழி உண்டு, வியாபாரி அட்டையும் உண்டு. ஆனால் அட்டை போய் நடைபாதையில் உட்காராதே! மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டேன். "அவங்க வராத நாள்ல வேற யாரோ உக்காந்தா நாங்க என்ன மேடம் பண்றது?" என்றார் அதிகாரி. மரியாதையாகக் கைவிரிப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். அவர் நன்றாகத் தேறியிருந்தார்.

எனக்குத் தெரிந்த விதிகள் தீர்ந்துபோயின. அழுகை வந்தது. நேராகச் சமயபுரத்துக்கு பஸ் ஏறினேன்.

அம்மன் முன்னால் நான் கெஞ்சவில்லை. சண்டை போட்டேன். "எங்களுக்காக வருஷா வருஷம் பச்சைப் பட்டினி விரதம் கிடக்கிறவளாச்சே நீ! செல்வி எழுந்து வரும்வரை அவள் இடத்தில் நீயே வந்து உட்கார். முடியாதென்றால் இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன்." இதை யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தால், செல்வி மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். இடம் போயிருக்கும் என்றே மறுநாள் கடைத்தெருவுக்குப் போனேன்.

அவள் இடத்தில் ஒரு கல். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை சொருகியிருந்தது. பக்கத்தில் பாக்கியம். அவளும் பூக்காரிதான், ஒரு முழ இடத்துக்காகச் செல்வியோடு தினமும் மல்லுக்கு நிற்பவள்.

"என்ன பாக்கியம் இது?"

"தெரியலையா? சமயபுரத்தா. செல்வி வர்ற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பா."

"இது பெருமாள் ஊருங்க," என்று முனகினார் செல்போன் கவர்காரர். "இங்க கொண்டாந்து மாரியாத்தாள வெச்சா எப்படி?"

"அண்ணன் ஊர்ல தங்கச்சி உக்காந்தா உனக்கு எங்கய்யா வலிக்குது? தைரியம் இருந்தா தூக்கிப் பாரு!"

அவர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் கேட்டது இவளுக்கு எப்படித் தெரியும்? நடைபாதையில் சாமி வைக்கக் கூடாது என்ற விதி எனக்குத் தெரியும். தெரியாதவள் போலக் கற்பூரம் ஏற்றினேன்.

விஷயம் கேட்ட பிறகுதான் செல்வி நிம்மதியாகப் படுத்தாள். ஆடியில் பெண் குழந்தை. இருவரும் சுகம். கார்த்திகையில் அவள் திரும்பி வந்ததும், கல்லைக் கொள்ளிடத்தில் சேர்த்தோம். அன்றைக்கே பாக்கியம், "கூடை என் பக்கம் வருது, தள்ளி வைடி" என்று ஆரம்பித்துவிட்டாள்.

பிரசவித்தவளின் நடைபாதை இடத்தைக் காக்க ஒரு விதி வேண்டுமென்று இப்போது மாதந்தோறும் மனு போடுகிறேன். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் விடுவதாக இல்லை.

அன்பர்களே, நியாயமானதை ஆத்தாளிடம் உரிமையோடு கேளுங்கள். யார் கையால் தருவாள் என்பதை மட்டும் அவளிடமே விட்டுவிடுங்கள். எனக்கு அவள் பாக்கியத்தை அனுப்பினாள். என்னைக் கேட்டிருந்தால் சிபாரிசே செய்திருக்கமாட்டேன்.